மார்ச் மாதத்துச் சிவப்பு

நரெல் பக்லிக்கு மார்ச் மாதம் பிடிக்காது. ஆஸ்திரேலிய மலையூரான டாசன்ஸ் கிரீக்கில் மற்ற எல்லோருக்கும் பிடித்த மாதம் அது. கோடை ஒருவழியாக ஓய்ந்து இலையுதிர்காலம் அடியெடுத்து வைக்கும். காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே வர முடியாது. மதியத்துக்குள் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். குளவிகள் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடாது. காட்டுத்தீ வராமலிருக்க மலைச்சரிவில் அடிக்காட்டை எரிப்பார்கள், அந்தப் புகை பள்ளத்தாக்கை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கும். ஆனால் நரெலுக்குக் குளவியோ புகையோ பிரச்சினை இல்லை. மார்ச்சில்தான் அவள் பச்சை மரங்களைச் சிவப்பாக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஊரில் இலை விழா நடக்கும். தெரு முழுக்க ஓக் மரங்களும் மேப்பிள் மரங்களும் சிவந்து தீப்பிடித்ததுபோல நிற்கும். மெல்போர்னிலிருந்து வரும் கார்கள் பாலம் வரைக்கும் வரிசை கட்டும். ஆனால் விழாவின் சுவரொட்டி மார்ச் நடுவிலேயே அச்சுக்குப் போயாக வேண்டும். அப்போது தெருவில் ஒரு மரம்கூடச் சிவந்திருக்காது. போன வருடத்துப் படத்தைப் போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். ஒரு வருடம் அப்படித்தான் போட்டார்கள். படத்தின் ஓரத்தில் அழகாகத் தெரிந்த பப் அதற்குள் எரிந்து சாம்பலாகியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் அதைத் தேடி அலைந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றைக்கும் டாசன்ஸ் கிரீக் ஆளைக் கண்டால், "எரிஞ்சுபோன பப்புல எனக்கும் ஒரு பீர் சொல்லு" என்பார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு விழாக் கமிட்டி ஒரு சட்டம் போட்டுவிட்டது: சுவரொட்டியில் இந்த வருடத்துப் படம்தான் வர வேண்டும். இந்த வருடத்துத் தெரு, இந்த வருடத்து மரம். நிறம் மட்டும் அடுத்த மாதத்தது.

அந்த நிறத்தைப் போடுகிறவள் நரெல்.

அவள் புகைப்படக்காரி ஒன்றும் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மகள் வலைப்பந்து ஆடிய காலத்தில் மைதானத்தின் ஓரத்தில் நின்று படம் எடுத்தாள். படங்கள் நன்றாக இருந்தன. மற்ற தாய்மார்கள் கேட்டார்கள். அப்படியே ஊரின் கல்யாணம், கால்பந்துக் குழு, முதியோர் இல்லத்துக் கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டரில் படத்தை எடிட் செய்வதை இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கற்றாள். மகள் வளர்ந்து பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். கேமரா மட்டும் கழுத்திலேயே தங்கிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஸ்டியரிங்கும் மவுஸும் சேர்ந்து வலது மணிக்கட்டைப் பதம்பார்த்துவிட்டன. இரவில் தூங்கும்போது அதில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்கிறாள்.

"இதுதான் கடைசி வருஷம்" என்று இந்த பிப்ரவரியிலேயே கமிட்டித் தலைவர் பிரெண்டனிடம் சொல்லிவிட்டாள்.

"போன பிப்ரவரியிலயும் இதையேதான் சொன்னே" என்றார் பிரெண்டன்.

"போன வருஷம் கோவத்துல சொன்னேன். இந்த வருஷம் கோவம்கூட வரல. அதான் நிஜம்னு தோணுது."

சுவரொட்டியில் எப்போதும் நடுவில் நிற்பது சமூகக்கூடத்தின் முன்னால் இருக்கும் ஓக் மரம். அதன் இடது கிளை கூடத்தின் கூரைக்கு மேலே கைநீட்டுவதுபோல நீண்டிருக்கும். கிளைக்குக் கீழே பேருந்து நிழற்குடை. ஊர்ப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் அங்கேதான் நிற்பார்கள், நரெலின் பேருந்துக்காக. மற்ற மரங்களெல்லாம் பச்சையாக இருக்கும்போதே இந்த இடது கிளை மட்டும் சிவக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச வருடங்களாகத்தான் இப்படி. ஊருக்கு அதில் ஏகப் பெருமை. முதலில் நிறம் மாறிய இலையைப் பறித்துக்கொண்டுபோய் புதிய பப்பின் கண்ணாடியில் ஒட்டுவார்கள். ஒட்டுகிறவருக்கு அன்றைக்கு பீர் இலவசம். "நம்ம ஓக்குக்கு விழா வர்றது முன்னாடியே தெரிஞ்சிடுது" என்பார் பிரெண்டன். பக்கத்து ஊரில் மே வந்தும் பச்சை போகாது என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொள்வார்.

நரெலுக்கும் அந்தக் கிளை ஒரு வசதி. படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு அதன் நிறத்தை எடுத்து, வேறு இடத்தில் பூச முடியும். அவள் இடது கிளையிலிருந்து சிவப்பை எடுத்து மரம் முழுக்கப் பூசுவாள். பிறகு அடுத்த மரம், அதற்கடுத்தது. மரத்தின் சொந்த நிறம்தானே, ஏமாற்று வேலையில் அந்த மட்டுக்காவது ஒரு நேர்மை இருக்கட்டும் என்று நினைப்பாள்.

இந்த மார்ச்சில் புகை லேசில் கலையவில்லை. ஒரு மழை பெய்து பள்ளத்தாக்கைக் கழுவிவிட்ட மறுநாள், காலைப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்தைக் கூடத்துக்கு எதிரே நிறுத்தி அவள் படம் எடுத்தாள். வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. எடுத்த கையோடு வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் லேப்டாப் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

அவள் கணவன் காலின் மர அறுவை ஆலை வேலையில் முதுகைப் பறிகொடுத்துவிட்டு வந்தவன். நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, கீரையை பீட்ரூட்டாக்குற வேலை ஆரம்பிச்சாச்சா?"

"ஆமா. நீ முடிவு தெரிஞ்ச மேட்ச்ச பாரு."

"இந்தத் தடவை ஜெயிச்சாலும் ஜெயிப்போம், யார் கண்டா?"

அவள் இடது கிளையைத் தொட்டு நிறத்தை எடுத்தாள். வலது பக்கத்தில் பூசினாள். பிடிக்கவில்லை. இன்னொரு இடத்தில் தொட்டு எடுத்தாள். அதுவும் அப்படியே. சிவப்பு வரவில்லை, ஆறிப்போன தேநீரின் நிறம் வந்தது. திரை பழசாகிவிட்டதோ என்று துணியால் துடைத்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

இலைகள் ஓரத்தில் சுருண்டிருந்தன. நிறம் மாறும் இலை விரிந்து நிற்கும், வெளிச்சத்தை உள்ளே விடும். இவை கையில் பிசைந்து விட்டதுபோல இருந்தன. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் பட்டை பிளந்து, அதற்குள்ளிருந்து அப்பளம் அப்பளமாகக் காளான் எட்டிப் பார்த்தது.

பழைய வருடங்களில் மார்ச்சில் எடுத்த படங்களைத் தேடித் திறந்தாள். அவள் கை வைப்பதற்கு முன்னால் இருந்த படங்கள். ஒரு வருடம் கிளையின் நுனியில் மட்டும் ஒரு கொத்து. அடுத்த வருடம் பாதிக் கிளை. போன வருடம் கிட்டத்தட்ட முழுதும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்றும் சந்தேகம் இல்லை. ஊரெல்லாம் கொண்டாடியது மரத்தின் சுறுசுறுப்பை அல்ல. கிளை செத்துக்கொண்டிருந்தது. அந்தச் சாவின் நிறத்தைத்தான் அவள் வருடா வருடம் எடுத்து ஊர் முழுக்கப் பூசியிருந்தாள்.

மணிக்கட்டு வலித்தது. கம்ப்யூட்டரை மூடினாள்.

"காலின், அந்தக் கிளைக்குக் கீழதான பிள்ளைங்க நிக்குதுங்க?"

"எந்தக் கிளை?"

அவள் கம்ப்யூட்டரைக் கக்கத்தில் இடுக்கினாள். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பிரெண்டன் ஹோக்குக்கு ஆற்றங்கரையில் ஒரு மோட்டல் விடுதி இருக்கிறது. அவரும் நரெலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் போனபோது வரவேற்பு மேசையில் அவரே துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் நிறைய விழாச் சுவரொட்டிகள், எல்லாம் அவள் செய்தவை.

"ஹால் ஓக்கோட இடது கிளை செத்துப்போச்சு, பிரெண்டன்."

"நேத்துதான பப் கண்ணாடியில முதல் இலையை ஒட்டினேன். சும்மா ஜம்முன்னு சிவந்து நிக்குது."

"சிவந்து நிக்கல. காஞ்சு நிக்குது."

அவள் கம்ப்யூட்டரைத் துண்டுகளின் மேலேயே வைத்துப் படங்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"இதுல எல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"அதுல நான்தான நல்லாக்கினேன்."

"விழா முடியட்டும், மே மாசம் மரம் வெட்டுற வின்ஸைக் கூப்பிட்டு என்னன்னு பாக்கச் சொல்றேன்."

"தினமும் அதுக்குக் கீழதான் பிள்ளைங்க நிக்குது."

"எத்தனையோ வருஷமா நிக்குதுங்க."

நரெல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரெண்டன் கெட்டவர் இல்லை. ஊரில் யாருக்கு வீடு எரிந்தாலும் முதலில் அறை திறந்துவிடுகிறவர் அவர்தான். துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டு மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஒரு வருஷம் காட்டுத்தீன்னு ஒருத்தரும் வரல. போன வருஷம் மழை. இந்த ஒரு விழாவாவது ஒழுங்கா நடந்து முடியட்டுமே. ஜனங்க அந்த மரத்துக்கு முன்னாடி நின்னு படம் எடுக்கத்தான் வர்றாங்க. அதோட கையை வெட்டிட்டு, வாங்க பாருங்கன்னு சொல்லச் சொல்றியா? உனக்கு மட்டும்தான் அலுத்துப்போச்சுன்னு நினைக்காத, நரெல். எனக்கும்தான்."

அவள் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றைய மாலையிலிருந்து அவள் நிழற்குடையில் பேருந்தை நிறுத்தவில்லை. தெருவில் கொஞ்சம் தள்ளி, கறிக்கடைக்கு முன்னால் நிறுத்தினாள். ஆனாலும் பிள்ளைகள் காலையில் நிழற்குடையின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, பேருந்தைக் கண்ட பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பெஞ்சை எப்படி நகர்த்துவது?

"இங்கயே வந்து நில்லுங்கன்னு சொன்னேன்ல?"

"இங்க கறி நாத்தம் அடிக்குது, நரெல்" என்றாள் டாரா என்ற பெண். எப்போதும் முன் இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறவள். "அங்கன்னா நிழல் இருக்கு."

"அந்த நிழல்தான் ஆபத்து."

"நிழல்ல என்ன ஆபத்து?"

டாராவின் அம்மா ஒருநாள் பேருந்தின் கதவருகே வந்து நின்றாள். "என்ன நரெல், இன்னும் ரெண்டு கடை தாண்டி நிழற்குடை வரைக்கும் ஓட்டினா டயர் தேஞ்சிடுமா?"

"அந்தக் கிளை விழுந்துடும்போல இருக்கு."

"அதுவா? போன வருஷத்துப் போஸ்டர்ல பாரு, எவ்வளவு கம்பீரமா இருக்கு!"

"அந்தப் போஸ்டரைச் செஞ்சதே நான்தான்."

"அதான் சொல்றேன், நல்லாச் செஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நரெல் மே வரைக்கும் காத்திருக்கவில்லை. மரம் வெட்டும் வின்ஸ் டெல்ப்ராதோவைத் தானே போய்க் கூப்பிட்டாள். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார், கையில் சலாமி இறைச்சி வைத்த, பாதி தின்ற ரொட்டியோடு. ஒரு மரச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினார். டொக் டொக் என்றது. ஏணி போட்டு ஏறி இடது கிளையைத் தட்டினார். தொம் தொம் என்றது, காலிப் பீப்பாயைப்போல.

"உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார் இறங்கி வந்து. "இன்னும் இலையைப் பிடிச்சுக்கிட்டிருக்கறது சும்மா ஒரு மரியாதைக்கு. நிழற்குடைக்கு சிமென்ட் போட்டப்ப இந்தப் பக்கத்து வேரையெல்லாம் வெட்டிட்டாங்க. அன்னைக்கே இதோட கதை முடிஞ்சது. மரத்தோட மத்த பாகம் பிழைச்சுக்கும்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"இன்னைக்கும் விழலாம், நான் போய்ச் சேந்த பிறகும் விழலாம். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், நான் அதுக்குக் கீழ நிக்க மாட்டேன்." சொல்லிக்கொண்டே இரண்டு அடி தள்ளி நின்று ரொட்டியைக் கடித்தார். "ஆனா ஹால் கமிட்டி சரின்னு சொல்லாம நான் ரம்பத்தைத் தொட முடியாது. அவங்க மரம்."

"அந்தக் கமிட்டிக்கும் தலைவர் பிரெண்டன்தான்."

"அப்ப பிரெண்டன்கிட்ட நான் பேசுறேன். நீ பேசினா சண்டையாகும். ஒண்ணாப் படிச்சவங்க."

என்ன பேசினாரோ, மறுநாள் நரெல் டீசல் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு பிரெண்டனே வந்தார். பேருந்தின் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"சரி, வெட்டட்டும்."

நரெல் தலையாட்டினாள்.

"ஆனா ஒண்ணு. போஸ்டர்ல கிளை இருக்கணும். முழு மரம், முழுக்கச் சிவப்பு."

"இல்லாத கிளையையா?"

"நீ படம் எடுத்தப்ப இருந்துச்சுல்ல? இந்த வருஷத்துப் படம்தான? சட்டப்படி சரியாப் போச்சு."

"வர்றவங்க வந்து பாத்துட்டுக் கேப்பாங்களே?"

"வந்த பிறகு கேக்கட்டும். வந்தாப் போதும்."

டீசல் குழாயைப் பிடித்திருந்த கை வலித்தது. அவள் குழாயை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். இந்த வருடமாவது ஒரு மரத்தையாவது இருக்கிறபடி விட்டுவிடலாம் என்று ஓர் ஆசை இருந்தது அவளுக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிச் சண்டை போடலாம். சண்டை போட்டால் இன்னும் ஒரு வாரம் போகும். அந்த வாரமெல்லாம் டாரா அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள்.

"நாளைக்கே வெட்டணும்" என்றாள்.

"வின்ஸ் வண்டியோட ரெடியா இருக்காரு."

"அப்ப சரி."

மறுநாள் காலைப் பேருந்து போன பிறகு கூடத்துக்கு முன்னால் கயிறு கட்டி, தெருவின் அந்தப் பக்கத்தை அடைத்தார்கள். வின்ஸ் வண்டியின் தூக்கிக் கூண்டில் ஏறி நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினார். காகடூக் கிளிகள் கூடத்தின் கூரையில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தன. ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். டாராவின் அம்மாவும் வந்திருந்தாள். கிளையின் அடித்துண்டு தரையில் பட்டதும் மரம் விழுந்த சத்தமே இல்லை; பெட்டி உடைந்ததுபோல ஒரு சத்தம். உள்ளே கறுப்புத்தூள். பிரெண்டன் குனிந்து அந்தப் பொந்துக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார். எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் மோட்டலுக்குப் போய்விட்டார். டாராவின் அம்மா மட்டும் நிழற்குடையின் கூரையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு நரெலின் அருகில் வந்தாள். "கறிக்கடை முன்னாடியே நிறுத்திக்கோ, இன்னும் கொஞ்ச நாளைக்கு" என்றாள். நரெலுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. படம் எடுக்கவும் தோன்றவில்லை. கேமரா வீட்டில் இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். படத்தில் மரம் முழுசாக நின்றது. தெருவின் மற்ற மரங்களை முதலில் முடித்தாள். சிவப்புக்கு இனி இடது கிளை ஆகாது. போன ஏப்ரலில் உண்மையாகவே சிவந்த மேப்பிள் ஒன்றின் படத்தை எடுத்து, அதன் நிறத்தைப் பூசினாள். ஓக்கின் உச்சி, வலது பக்கம், கீழ்க் கொப்புகள் என்று ஒவ்வொன்றாகச் சிவந்தன. கடைசியில் இடது கிளை மட்டும் மீந்தது, சுருண்ட பழுப்பு இலைகளோடு.

காலின் எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். முதுகைப் பிடித்துக்கொண்டே திரையைக் குனிந்து பார்த்தான்.

"அது இன்னைக்குக் காலையில போயிடுச்சுல்ல?"

"போயிடுச்சு."

"பின்ன?"

"பேசி முடிச்சாச்சு, காலின். தேத்தண்ணி போட முடிஞ்சா போடு."

அவன் கெண்டியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் எடிட் செய்யாத படத்தைத் திறந்து, வலது பக்கத்து நல்ல கிளையிலிருந்து ஒரு பச்சையைத் தொட்டு எடுத்தாள். கொஞ்சம் மஞ்சள் கலந்த, வேனில் முடிந்த பச்சை. அதை இடது கிளையின் மேல் மெல்ல மெல்லப் பூசினாள். சுருண்ட ஓரங்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள். காளான் எட்டிப் பார்த்த இடத்தில் நல்ல பட்டையை எடுத்து ஒட்டினாள். இதுவரை செய்ததிலேயே அதிக நேரம் பிடித்த வேலை அதுதான். தேநீர் ஆறி, அந்தப் பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டது.

படத்தை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பிரெண்டன் போன் செய்தார்.

"எல்லாம் பிரமாதம். ஆனா அந்தக் கிளை மட்டும் ஏன் பச்சையா இருக்கு?"

"கிளை இருக்கணும்னுதான சொன்னே. இருக்கு."

"முழுக்கச் சிவப்புன்னும் சொன்னேனே."

"மார்ச்ல மரம் அந்த நிறத்துலதான் இருக்கும், பிரெண்டன்."

மறுமுனையில் மோட்டலின் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுவது மட்டும் கேட்டது. அவர் கை இன்னும் அந்தப் பொந்துக்குள் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"சரி" என்றார் கடைசியில். "அச்சுக்கு அனுப்பிடுறேன்."

அவள் மாலைப் பேருந்துக்குக் கிளம்பினாள். விழுந்த துண்டுகளையும் கயிற்றையும் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். டாராவின் அம்மா சொன்னது நினைவிருந்தும், அன்றைக்கு நிழற்குடைக்கு முன்னாலேயே பேருந்தை நிறுத்தினாள். கிளை இருந்த இடம் வழியாக வெயில் நேராகக் கண்ணாடியில் வந்து இறங்கியது, கண் கூசியது. வெயில் மறைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாரா கடைசிப் படியில் நின்று வெளியே எட்டிப் பார்த்தாள்.

"நரெல், இங்க இப்ப வெயில் சுள்ளுன்னு அடிக்குது."

"ஆமா, அடிக்குது" என்றாள் நரெல். "தொப்பியைப் போட்டுட்டு இறங்கு."